மாப்பிள்ளைக்குக் கட்டும் பை

கீர்த்திபுரத்தில் யாருக்குத் தெம்பு குறைந்தாலும் நுச்சேயின் கறிக்கடைக்குத்தான் வருவார்கள். ரத்தம் குறைந்தவர்களுக்கு ஈரல். முட்டி தேய்ந்தவர்களுக்குக் கால் எலும்பு. இழுப்புக்காரருக்கு நுரையீரல். திக்கிப் பேசும் பிள்ளைக்கு நாக்கு. பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு மூளை. எருமையிடம் எந்த உறுப்பு நன்றாக இருந்ததோ அது தின்கிறவனுக்கும் வந்து சேரும் என்பது அந்த மலை ஊரின் நம்பிக்கை. அந்த எருமைக்கு மூளை எந்த அளவுக்கு உதவியது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நுச்சே கட்கி முப்பது வயதுக்காரன். தோள் அகலம், பேச்சு குறைவு. கத்தியை இடது கையில் பிடிப்பான். அப்பா காலத்திலிருந்து அதே கடை, அதே புளியமரக் கட்டை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு கடைக்கு மேலே இருந்த மூன்று மாடி வீடும் அவன் ஒருவனுக்கென்று ஆனது. இப்போது அங்கே மனைவி ஊர்மிளாவும், பிறந்து ஒன்றரை மாதமான பெண் குழந்தையும் இருந்தார்கள். ஊர் முழுக்கத் தெம்பு விற்கிறவனின் வீட்டில், ஒரு மரஏணியை ஏறுவதற்குள் அந்தப் பெண் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது.

பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா நுச்சேயைக் கூப்பிட்டு, மனைவியை நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள், ஈரல் மாதிரி ஏதாவது வாங்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவன் சிரித்துவிட்டான். ஒன்றரை மாதத்தில் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அவன் சமைக்காததில்லை. ஈரலை வறுத்தான். மண்ணீரலைச் சுட்டு உப்புத் தொட்டுக் கொடுத்தான். கால் எலும்பை விடிகாலையில் அடுப்பில் ஏற்றி, மதியம் மஜ்ஜை மிதக்க மிதக்கக் கொண்டுபோனான். ஊர்மிளா ஒரு வாய் வாங்கிக்கொள்வாள், அவன் முகத்துக்காக. இரண்டாவது வாய்க்கு உதட்டை மூடிக்கொள்வாள்.

"கோவிச்சுக்காதீங்க. கீழ கடையில இருக்கிற வாசனைதான் உங்க சட்டையில இருக்கு. சட்டையில இருக்கிறதுதான் தட்டுலயும் இருக்கு. எதைன்னு நான் திங்கிறது?"

அவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஊட்டிப் பார்த்தான். அப்போதும் இறங்கவில்லை. அவளுக்கு என்ன வேண்டுமென்று அவனுக்குத் தெரியும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அம்மா வீட்டிலிருந்து சாப்பாடு வர வேண்டும். நெய்யும் வெல்லமும் அவலும் கறியும் அம்மா சுமந்துகொண்டு வர வேண்டும். அந்த ஊரில் அது பேசி முடிவு செய்கிற விஷயம்கூட இல்லை, தானாக நடப்பது. இவளுக்கு மட்டும் நடக்கவில்லை.

ஊர்மிளாவின் அம்மா தீர்த்தமயா மகர்ஜன் அதே ஊரில்தான் இருந்தாள், பாக் பைரவர் கோயிலுக்கு மேலே, பத்து நிமிட நடையில். கணவன் இல்லாதவள். ஒரே பெண். நிலத்தில் முள்ளங்கி போட்டு, கடுகு போட்டு, அந்தப் பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தவள். பெண் கறிக்கடைக்காரனோடு போய்விட்டாள் என்று தெரிந்த அன்றைக்கு அவள் அழவில்லை, கத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வருஷமாக அது சாத்தியபடியே இருந்தது.

மகர்ஜன்கள் உழுகிறவர்கள், கட்கிகள் வெட்டுகிறவர்கள். கட்கி வெட்டிய கறியை மகர்ஜன் காலங்காலமாகத் தின்று வருகிறார். கட்கி ஊற்றிய தண்ணீரை மட்டும் குடிக்க மாட்டார். வெட்டிய கறி ஆகும், ஊற்றிய தண்ணீர் ஆகாது. இந்தச் சட்டத்தை உண்டாக்கிய புண்ணியவானுக்குக் கறி மிகவும் பிடிக்கும் போலிருக்கிறது. சர்க்கார் அதையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டது. சர்க்காரால் தெருவரைக்கும்தான் வர முடியும். இந்த ஊர் நேவார் மக்களின் வீடுகளில் அடுப்பு இருப்பது உச்சிமாடியில், அங்கே ஏறிப் போக வீட்டுக்காரர்கள் கூப்பிட வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஊர்மிளாதான் அம்மாவுக்காகக் கறி வாங்க வருவாள். ஈரலை வெற்றிலை கனத்துக்கு வெட்டு, நரம்பை எடு, இந்தத் துண்டு வேண்டாம் அந்தத் துண்டு கொடு என்று கட்டைக்கு எதிரே நின்று அவனைப் படுத்தி எடுப்பாள். எல்லாம் அம்மாவின் உத்தரவு. வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நுச்சே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்றிருப்பான். அவளுக்கு மட்டும் வெட்டினான். பிறகு கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வர ஆரம்பித்தாள். அவ்வளவுதான் கதை.

பெண் போன பிறகு தீர்த்தமயா இந்தக் கடைப் பக்கம் வரவே இல்லை. முட்டி வலியோடு மலையடிவாரம் வரை இறங்கி, வேறொருவர் கடையில் வாங்கிக்கொண்டு ஏறினாள்.

வருஷத்துக்கு ஒருமுறை நுச்சேக்கு அது உறைக்கும். மோஹனிப் பண்டிகை முடிந்ததும் ஊரில் நக்த்யா விருந்துகள் தொடங்கும். கட்டிக்கொடுத்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் அம்மா வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவார்கள். அந்த விருந்தில் மாப்பிள்ளைக்கு சபுமிச்சா வைத்தே ஆக வேண்டும். எருமை வயிற்றில் ஏடு ஏடாக மடிந்து ஒரு குடல் இருக்கும். அந்த ஏட்டைச் சின்னப் பையாக வெட்டி, உள்ளே மஜ்ஜையை அடைத்து, வாயை நூலால் கட்டி, வேகவைத்துப் பிறகு எண்ணெயில் பொரிப்பார்கள். மாமியார் தன் கையால் கட்டி, தன் கையால் தட்டில் வைக்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தெம்பு வர வேண்டுமாம். தெம்பு எதற்கு என்று சொல்லாமலே பெண்கள் சிரித்துக்கொள்வார்கள்.

அதைத் தின்ன ஒரு முறை உண்டு. நூலைப் பிடித்து முழுசாக வாய்க்குள் விட்டு, முடிச்சை ஒட்டிக் கடித்து, நூலை வெளியே இழுத்துவிட வேண்டும். விவரம் தெரியாத புது மாப்பிள்ளை பாதியில் கடிப்பான். சூடான மஜ்ஜை பீய்ச்சியடித்து மோவாயிலும் சட்டையிலும் வழியும். அதைப் பார்க்கத்தான் மச்சினிகள் கதவோரம் காத்திருப்பார்கள்.

அந்த நாட்களில் கீர்த்திபுரத்து மாமியார்கள் அத்தனை பேரும் நுச்சேயின் கடையில்தான் நிற்பார்கள். ஊர் மாப்பிள்ளைகள் எல்லார் வாயிலும் உடைந்த பை அவன் வெட்டியது. அவனுக்கு ஒருத்தியும் கட்டித் தந்ததில்லை. பதம் பார்க்கவென்று கடையில் நின்றபடியே அவன் எத்தனையோ தின்றிருக்கிறான். அதெல்லாம் கணக்கில் வராது.

இந்த வருஷம் மோஹனிக்கு மூன்று வாரம் இருந்தபோது அஷ்டமயா கடைக்கு வந்தாள். தீர்த்தமயாவுக்கு எதிர் வீட்டுக்காரி, அறுபதைத் தாண்டியவள், பிள்ளை கொரியாவில் வேலையில் இருந்தான். தனியாளாக இருந்து பல் போன பிறகு கறி வாங்குவதையே விட்டிருந்தாள். அன்றைக்கு வந்து அரைக் கிலோ ஈரல் கேட்டாள்.

"நல்லா மெல்லிசா வெட்டுப்பா. வெற்றிலை கனத்துக்கு. நரம்பை எடுத்துரு," என்றாள். சொல்லிவிட்டு, ஏதோ மனப்பாடம் ஒப்பித்து முடித்த பிள்ளை மாதிரி மூச்சு விட்டாள்.

நுச்சே கத்தியை நிறுத்தி அவளைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள். அவன் ஒன்றும் கேட்காமல் வெட்டிக் கொடுத்தான்.

மறுநாள் பதினோரு மணிக்கு அஷ்டமயா மூடிபோட்ட ஒரு பித்தளைப் பாத்திரத்தோடு வந்து, நேராக மாடிக்கு ஏறினாள். ஒருத்திக்குச் சமைக்கப் போய் அதிகமாகிவிட்டது, பிள்ளை பெற்றவள் தின்னட்டும் என்று வைத்துவிட்டு, குழந்தையின் காலைத் தொட்டுக் கொஞ்சிவிட்டு இறங்கிப் போனாள். சற்று நேரம் கழித்து நுச்சே மேலே போனபோது ஊர்மிளா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாத்திரத்தில் மூன்று நான்கு துண்டுகள்தான் மிச்சம். அவள் கண் சிவந்திருந்தது, விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"அஷ்டமயா அத்தை நல்லாச் சமைக்கிறாங்க," என்றாள் அவன் முகத்தைப் பார்க்காமல்.

நுச்சே மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்தான். கடுகெண்ணெயில் வெந்தயம் கருகும்வரை விட்டு, மஞ்சள் போட்டு, இஞ்சியும் நாக்கை மரக்க வைக்கும் காட்டு மிளகும் கடைசியில் சேர்த்த கறி. அவன் ருசியைக் கவனிக்கவில்லை, துண்டின் ஓரத்தைக் கவனித்தான். அது வலதிலிருந்து இடதுக்குச் சரிந்திருந்தது. ஊரில் மற்றக் கடைக்காரர்கள் எல்லாம் வலது கைக்காரர்கள், அவர்கள் வெட்டினால் சரிவு மறுபக்கம் போகும். நேற்று இவன் வெட்டிய ஈரல்தான் வெந்து திரும்பி வந்திருக்கிறது. பல் இல்லாத கிழவி அரைக் கிலோ ஈரலைத் தனக்கென்று சமைத்தாளாம்.

"ஆமா. நல்லாத்தான் இருக்கு," என்றான்.

அதன் பிறகு இது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் அஷ்டமயா வந்து மண்ணீரல் வாங்குவாள். மறுநாள் அது வதங்கி வரும். மஜ்ஜை வாங்கிப் போவாள், வெந்தயக் கீரையோடு கஞ்சியாக வரும். நுரையீரலை முழுசாக வாங்கிப் போனாள். அது மூச்சுக்குழாய் வழியே மாவு ஊற்றி வேகவைத்து, துண்டு போட்டு, முறுகப் பொரித்து வந்தது. ஊர்மிளா தின்றாள். பாத்திரத்தை வழித்தாள். வெளிறிய காதுமடலில் ஒருநாள் கொஞ்சம் நிறம் தெரிந்தது, நுச்சே கடைக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மாத்திரை வேலை செய்ததா, ஈரல் வேலை செய்ததா என்று டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும். நுச்சே இரண்டையும் நம்பவில்லை. அம்மாவின் கை என்று நம்பினான்.

நுச்சே, ஊர்மிளா, அஷ்டமயா மூன்று பேருக்கும் எல்லாம் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்ற பயம். அஷ்டமயாவுக்குப் பொய் சொல்லவும் வராது. ஒருநாள் நுச்சே கூடுதலாக ஒரு மஜ்ஜைத் துண்டை வைத்தபோது, "இவ்வளவு வைக்காதப்பா, அவ சந்தேகப்படுவா," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் காதில் விழாதவன்போல் கட்டையைச் சுரண்டினான்.

மோஹனி வந்தது, போனது. கடையில் மாமியார்கள் கூட்டம் தொடங்கியது. நுச்சே அந்தத் தப்பைச் செய்தது அப்போதுதான்.

அஷ்டமயா வந்து ஏட்டுக்குடல் கேட்டாள். அதைக் கழுவுவது லேசான வேலை இல்லை. வெந்நீரில் போட்டு, ஏடு ஏடாகப் பிரித்து, கறுப்புத் தோலைச் சுரண்டி, பச்சைத் தண்ணீரில் ஏழெட்டு முறை அலச வேண்டும். தீர்த்தமயாவின் விரல்கள் வாதத்தில் கோணியிருப்பதை ஊர்மிளா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். தினமும் தன் பெண்ணுக்கு ஆக்கிப் போடுகிற கைக்கு ஒருநாளாவது வேலையைக் குறைப்போம் என்று அவனுக்குத் தோன்றியது. வெள்ளைவெளேரென்று ஆகும்வரை தானே அலசி, இருபது பை வெட்டி, மஜ்ஜை அடைத்து, வெள்ளை நூலால் ஒவ்வொன்றாகக் கட்டி, ஈரத்தோடு அஷ்டமயாவிடம் கொடுத்தான். வேகவைத்துப் பொரிக்க வேண்டியதுதான் பாக்கி என்றான். அவன் கட்டிய கட்டுகளிலேயே நல்ல கட்டுகள் அவை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குப் பாத்திரம் வரவில்லை.

ஊர்மிளா ஏணிப் பக்கம் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கும் பார்த்தாள். அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் வைத்த அவலில் பாதியைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். குழந்தை பால் போதாமல் சிணுங்கியது. நுச்சே கடையைப் பாதியில் சாத்திவிட்டு மேலே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தப்பு என்னோடது. ஏட்டுக்குடலை நானே கழுவி அனுப்பிட்டேன். உங்க அம்மாவுக்கு," என்றான்.

ஊர்மிளா நிமிர்ந்தாள். "எங்க அம்மாவா? உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். ஈரல் சரிவு என்னோடது."

அவள் சிரித்தாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே அழுதாள். "எனக்கு வாசனையிலயே தெரியும். மூடியைத் திறக்கிறதுக்குள்ளயே தெரிஞ்சுடுச்சு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல," என்றாள். பிறகு அவன் முதலில் சொன்னது நினைவுக்கு வந்து அடங்கினாள்.

"உங்க தண்ணி பட்டதா?"

"ஏழு தடவை."

அம்மா அதைத் தெருவில் கொட்டியிருப்பாள் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. நுச்சே தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். ஊரே கூடி அவனைக் கட்கி என்று சொல்லியிருக்கிறது, அது அவனைத் தொட்டதில்லை. வெள்ளையாகக் கழுவிக் கட்டியதை ஒருத்தி கொட்டினாள் என்பது தொட்டது.

நான்காம் நாள் காலை கடையில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். நுச்சே குனிந்து எலும்பைப் பிளந்துகொண்டிருந்தான். பேச்சு சட்டென்று நின்றது. நிமிர்ந்தபோது சிவப்புக் கரை போட்ட கறுப்புச் சேலையில் தீர்த்தமயா எதிரே நின்றாள். ஏறி இறங்கி வந்த மூச்சு இன்னும் வாங்கியது. அவளுக்குப் பின்னால் அஷ்டமயா, மாட்டிக்கொண்ட முகத்தோடு.

தீர்த்தமயா இடுப்பிலிருந்து ஒரு சின்னச் சுருணையை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். வெள்ளை நூல்கள், அறுக்காமல் அவிழ்த்த நூல்கள், இருபதும்.

"இந்தா உன் நூல்," என்றாள்.

நுச்சே கத்தியைக் கீழே வைத்தான். "மன்னிச்சுருங்கம்மா. தண்ணி பட்டது தப்புதான். யோசிக்காம செஞ்சுட்டேன்."

"தண்ணியா? யார் தண்ணியைப் பத்திப் பேசினா? அவிழ்த்து வேகவச்சு நான்தான் தின்னேன். மூணு வேளை தின்னேன். கழுவத் தெரிஞ்சுதான் வச்சிருக்கே."

நின்றிருந்த பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். தீர்த்தமயா அதைக் கண்டும் காணாதவளாகத் தொடர்ந்தாள்.

"மாப்பிள்ளைக்குப் பை கட்டுறது யார் வேலை? மாமியார் வேலை. நீயே அடைச்சு, நீயே கட்டி, எனக்கு அனுப்பி வைக்கிறே. ரெண்டு வருஷமா நீ கட்டலையேன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் எந்த முகத்தோட ஒளிச்சு ஒளிச்சுப் பாத்திரம் குடுத்து விடுறது? என் பொண்ணுக்கு நானே திருட்டுத்தனமா சோறு போடுறேன். அடுப்புகிட்ட உட்கார்ந்தா கை ஓடல."

"ஐயோ, அப்படி நெனச்சுக் கட்டலம்மா," என்றான் நுச்சே. "உங்க விரல் வலிக்குமே, பச்சைத் தண்ணியில கையை வைக்கணுமேன்னுதான்."

தீர்த்தமயா இதை எதிர்பார்க்கவில்லை. தன் கோணல் விரல்களை ஒருமுறை பார்த்தாள், அவற்றைப் பற்றி இப்போதுதான் யாரோ ஞாபகப்படுத்தியதுபோல. அவள் குரல் இறங்கியது.

"வலிக்கத்தான் செய்யும். வலிச்சா என்ன."

வரிசையில் நின்ற ஒருத்தி தொண்டையைச் செருமினாள். தீர்த்தமயாவின் குத்திச் சங்கத்து வீட்டுக்காரி. சாவு விழுந்தால் பாடை சுமக்கிற சங்கம் அது, அதிலிருந்து தள்ளிவைத்தால் பிணத்துக்குத் தோள் கொடுக்க ஆள் வராது. ஊரில் பெரியவர்கள் எதற்கும் அஞ்சாவிட்டாலும் அதற்கு அஞ்சுவார்கள். அக்கா, குத்தியில் கேட்பார்கள், யோசித்துப் பேசுங்கள் என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

தீர்த்தமயா திரும்பவில்லை. நுச்சேயின் தோளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒரு எருமைத் தொடை என்ன கனம் இருக்கும்?"

"முப்பது கிலோ, முப்பத்தஞ்சு இருக்கும்மா."

"ரெண்டு தொடை கனம்கூட நான் இருக்க மாட்டேன். அவங்க வரலேன்னா நீ தூக்கிட்டுப் போயிரு."

நுச்சே தலையை ஆட்டினான். அஷ்டமயா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். செருமியவள் பிறகு செருமவில்லை.

"சரி, ஏட்டுக்குடல் குடு. கழுவாம குடு. மஜ்ஜை முன்னங்காலோடது. நாளைக்கு நக்த்யா, மூணு பேரும் வந்துருங்க," என்றாள் தீர்த்தமயா. இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "அவளால ஏணி ஏற முடியுமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி நுச்சேயை அன்று முழுக்கப் பயமுறுத்தியது. அம்மா வீட்டு அடுப்படிக்கு மூன்று ஏணி ஏற வேண்டும். மறுநாள் காலை அவன் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னான். ஊர்மிளா ஒப்பவில்லை. பண்டிகைச் சேலை கட்டி, பொட்டு வைத்து, தெருவில் அவன் தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள். கோயிலடியில் கொஞ்சம் உட்கார்ந்தாள். அம்மா வீட்டு வாசலில் அவன் தோளை விட்டுவிட்டாள். குழந்தையை அஷ்டமயா வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். நுச்சே பின்னால் நின்று இரண்டு கையையும் ஏந்தினாற்போல் வைத்துக்கொண்டான். முதல் ஏணியை அவள் நிற்காமல் ஏறினாள். இரண்டாவதில் ஒருமுறை நின்றாள். மூன்றாவதன் உச்சியில் தீர்த்தமயா குனிந்து கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பிடிக்காமலே ஊர்மிளா ஏறி முடித்து, மேலே போய், அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நுச்சே மூன்றாவது ஏணியின் அடியில் நின்றுவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் எப்போதாவது கறி கொடுக்க வந்தபோதும் தெருக்கதவைத் தாண்டியதில்லை. மேலிருந்து தீர்த்தமயாவின் குரல் வந்தது. கடை மாதிரி அங்கே என்ன வரிசையா இருக்கிறது, ஏறி வா என்றாள்.

தலை இடிக்காமல் குனிந்து ஏறினான். புகையேறிய சாய்ந்த கூரை, மூலையில் மண்ணடுப்பு, வைக்கோல் பாய். அவன் வீட்டு அடுப்படி மாதிரியேதான் இருந்தது. இதற்குத்தான் இரண்டு வருஷம் ஆனதா என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு அவன் உட்காரவென்று புதுப் பாய் ஒன்று விரித்திருப்பதைப் பார்த்தான்.

அவல் வந்தது, கறுப்புச் சோயாவும் இஞ்சியும் வந்தன, முட்டையும் கறியும் வந்தன. சின்ன மண்கிண்ணத்தில் அய்லா சாராயத்தை உயரத்திலிருந்து ஊற்றினாள் தீர்த்தமயா. ஊர்மிளாவின் தட்டில் ஈரலை மலையாகக் குவித்தாள். அதைத் தின்றால்தான் எழுந்திருக்கலாம் என்றாள். கடைசியில் ஒரு தட்டில் சபுமிச்சா வந்தது, பொன்னிறத்தில், ஒவ்வொன்றிலும் நூல் நீட்டிக்கொண்டு. முடிச்சுகள் கோணல்மாணலாக இருந்தன. அவன் கடையில் அப்படிக் கட்டியிருந்தால் அவனே அவிழ்த்திருப்பான். ஒரு முடிச்சில் நூல் நான்கு சுற்று சுற்றியிருந்தது. விரல் வளையாமல் நழுவி நழுவி அவள் அதைக் கட்டியது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

தீர்த்தமயா அந்த நான்கு சுற்றுச் சபுமிச்சாவை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு நகராமல் எதிரே குந்தி உட்கார்ந்தாள். அஷ்டமயா குழந்தையோடு அடுப்போரம் கழுத்தை நீட்டினாள். ஊர்மிளா ஈரலைத் தின்பதை நிறுத்தினாள்.

நுச்சே நூலைப் பிடித்துத் தூக்கினான். முடிச்சு எங்கே, பல்லை எங்கே வைக்க வேண்டும், எல்லாம் அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஊர் மாப்பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்தவன். மூன்று பெண்களும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மச்சினிகள் இல்லை, சிரிக்க இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

அவன் பாதியில் கடித்தான்.

மஜ்ஜை பீய்ச்சியடித்தது. மூக்கில், மோவாயில், வெள்ளைச் சட்டையின் முன்பக்கத்தில், முழங்கை வரைக்கும் வழிந்தது. நாக்கு சுட்டு அவன் வாயைத் திறந்துகொண்டு ஊதினான்.

முதலில் அஷ்டமயா பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். பிறகு ஊர்மிளா. பிறகு தீர்த்தமயா. அவள் சிரிப்பு ஒரு தடங்கலோடு ஆரம்பித்து, அடங்காமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை போயிற்று.

"கறிக்கடைக்காரனாம்," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஊருக்கெல்லாம் விக்கிறானாம். தின்னத் தெரியல பாரு."

சொல்லிக்கொண்டே முன்னால் நகர்ந்து, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் நுனியால் அவன் மூக்கைத் துடைத்தாள். மோவாயைத் துடைத்தாள். துண்டு போதாத இடத்தைக் கட்டைவிரலால் வழித்து, அந்த விரலை வெகு இயல்பாகத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். மஜ்ஜையை வீணாக்கக் கூடாது என்பது அவளுக்குப் பழக்கம். என்ன செய்தோம் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. துண்டைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை, அது அவன் கன்னத்திலேயே இருந்தது.

"இன்னொண்ணு வைக்கிறேன்," என்றாள். "இதையாவது முழுசாப் போடுங்க, மாப்பிள்ளை."

வைத்தாள். இரண்டாவதை அவன் முழுசாக வாய்க்குள் விட்டு, முடிச்சை ஒட்டிக் கடித்து, நூலைச் சுத்தமாக இழுத்துவிட்டான். ஊர்மிளா அதைப் பார்த்தாள். முதலில் பாதியில் கடித்தது ஏன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பாயின்மேல் கையை நகர்த்தி, எண்ணெய் வழிந்த அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி அழுத்தமாக இருந்தது. அவள் கையில் அவ்வளவு பலம் வந்துவிட்டதை அவன் அப்போதுதான் கவனித்தான்.